ஐந்தாவது வரி

மனைவி: மறுபடி சொல்லுங்க. அஞ்சாவது வரி.

டிரைவர்: டி, ஓ... ஏ, எச், வி.

மனைவி: ஏ-க்கு முன்னாடி ஏன் இழுக்குறீங்க?

டிரைவர்: எச்சில் முழுங்கினேன். அதுகூடக் குத்தமா?

மனைவி: இழுத்தா சந்தேகம் வரும். கண்ணு தெரியுறவங்க இழுக்க மாட்டாங்க. ஆறாவது?

டிரைவர்: எம், யூ, டி, ஏ, ஓ. போதுமா? பத்தாவது பரீட்சைக்குக்கூட நான் இப்படிப் படிச்சதில்ல.

மனைவி: அதான் பத்தாவதோட நின்னுட்டீங்க. கத்தாதீங்க, உள்கதவு திறந்திருக்கு. நாலாவது?

டிரைவர்: நாலாவது... ஐயையோ, மறந்துடுச்சு.

மனைவி: என்னது!

டிரைவர்: சும்மா சொன்னேன். ஓ, டி, வி, எச். உன் மூஞ்சியைப் பாக்கணுமே இப்போ...

மனைவி: விளையாடாதீங்க. எனக்குப் பயமா இருக்கு.

டிரைவர்: எனக்கு மட்டும் குளுகுளுன்னா இருக்கு? சாயங்காலத்துக்குள்ள இந்தக் கண் டெஸ்ட் பாரத்தை ஸ்கூல் ஆபீஸ்ல கொடுத்தாகணும். கண்ணு நல்லா இருக்குன்னு ஒரே ஒரு கையெழுத்து. இல்லேன்னா நாளைக்கு ஸ்கூல் திறக்கும்போது என் வேனை வேற எவனோ எடுத்துட்டுப் போவான்.

மனைவி: இந்த இடம்தான் வேணுமா? நல்ல பெரிய ஆஸ்பத்திரியாப் போயி...

டிரைவர்: நாலு கண்ணாடிக் கடை ஏறி இறங்கினோமே, எதுக்கு? மூணு கடையில டிவி மாதிரி ஒரு பெட்டி வச்சிருக்கான். பட்டனைத் தட்டினா எழுத்து மாறுது. எதைன்னு மனப்பாடம் பண்ணுறது? இங்கதான் அச்சடிச்ச அட்டை. எனக்குன்னே மாட்டி வச்ச மாதிரி.

மனைவி: ஊர்ல எல்லாரும் நல்லா பாக்குற இடமாத் தேடுவாங்க. நீங்க...

டிரைவர்: நீ மட்டும் என்னவாம்? உனக்கு டெஸ்ட்டுன்னு சொல்லிட்டு வந்து, டெஸ்ட் பண்ற அந்தம்மா போன் பேச வெளிய போன நேரத்துல அட்டையைப் போட்டோ எடுத்தே பாரு... கில்லாடி நீ.

மனைவி: எடுத்தேன். எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரமா ஒப்பிக்கவும் வச்சேன். இனி உங்க பாடு. மேல இருக்குற மூணு வரி?

டிரைவர்: அது பூசணிக்காய் சைஸ்னு நீதானே சொன்னே. அதெல்லாம் நானே படிச்சுடுவேன்.

மனைவி: மூணாவது கொஞ்சம் சின்னது.

டிரைவர்: சமாளிச்சுக்கலாம். இருபது வருஷமா வண்டி ஓட்டுறவனுக்கு...

பரிசோதகர்: அடுத்தது யாரு? உள்ள வாங்க. அட, நீங்களாம்மா? போன வாரம்தானே வந்தீங்க. உங்க கண்ணு ஜோரா இருக்குன்னு சொன்னேனே. ஆறு வரியும் ஒரு தப்பில்லாம படிச்சீங்க.

மனைவி: இன்னைக்கு எனக்கில்ல டாக்டர். இவருக்கு.

பரிசோதகர்: டாக்டர்னு சொல்லாதீங்கம்மா. நான் கண் பரிசோதகர். பவர் பாக்குறது, எந்தக் கண்ணாடி, எந்த லென்ஸ்னு சொல்றது என் வேலை. நோய் ஏதாவது தெரிஞ்சா டாக்டர்கிட்ட அனுப்புவேன். உட்காருங்க சார். என்ன வேலை பாக்குறீங்க?

டிரைவர்: ஸ்கூல் வேன் டிரைவர் மேடம். இந்தப் பாரத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா கிளம்பிடுவேன்.

பரிசோதகர்: டெஸ்ட் பண்ணாமலேயா?

டிரைவர்: ஹிஹி... டெஸ்ட் பண்ணித்தான்.

பரிசோதகர்: எத்தனை பிள்ளைங்க வேன்ல?

டிரைவர்: பதினெட்டு. இவளும் கூட வருவா. ஏத்தி இறக்கி விடுற வேலை இவளுக்கு.

பரிசோதகர்: ஓ, குடும்பமே ஒரே வண்டியிலயா? நல்லது. சார், எதிர்ல நிலைக்கண்ணாடி தெரியுதா? ரூம் சின்னது. அதனால எழுத்து அட்டையை உங்க தலைக்குப் பின்னாடி சுவத்துல மாட்டியிருக்கேன். நேரா நிலைக்கண்ணாடியைப் பாருங்க, அதுல தெரியுற எழுத்தைப் படிங்க. தூரம் ரெண்டு மடங்காக் கிடைக்கும். திரும்பிப் பாக்கக் கூடாது.

டிரைவர்: புரியுது, புரியுது. ஆரம்பிக்கலாமா? வெளிய ஆளுங்க காத்திருப்பாங்க.

பரிசோதகர்: வெளிய ஒருத்தருமே இல்லையே. அவசரப்படாதீங்க. இடது கண்ணை இந்த மூடியால மறைச்சுக்கோங்க. மேல இருந்து.

டிரைவர்: ஏ.

பரிசோதகர்: ரெண்டாவது?

டிரைவர்: வி... ஓ.

பரிசோதகர்: மூணாவது?

டிரைவர்: ம்ம்... யூ. அப்புறம்... வந்து... எச்சா? இல்ல, எம். எம்தான். அப்புறம்...

பரிசோதகர்: கண்ணைச் சுருக்காதீங்க.

டிரைவர்: சுருக்கல மேடம். இந்த லைட்டு கொஞ்சம்... டி. ஆமா, டி.

பரிசோதகர்: நாலாவது?

டிரைவர்: ஓ, டி, வி, எச்.

பரிசோதகர்: ...

டிரைவர்: அஞ்சாவதும் சொல்லவா? டி, ஓ, ஏ, எச், வி.

பரிசோதகர்: கடைசி வரி?

டிரைவர்: எம், யூ, டி, ஏ, ஓ.

பரிசோதகர்: ம்.

டிரைவர்: என்ன மேடம், எழுதிட்டீங்களா? பாரம் இந்தாங்க. பேனா வேணுமா?

பரிசோதகர்: பேனா இருக்கு. மூடியை மாத்துங்க. வலது கண்ணை மறைச்சுக்கிட்டு அஞ்சாவது வரி.

டிரைவர்: டி, ஓ, ஏ, எச், வி.

பரிசோதகர்: அதுல கடைசி எழுத்து மட்டும் சொல்லுங்க.

டிரைவர்: கடைசியா... டி, ஓ, ஏ... வி. வி மேடம்.

பரிசோதகர்: ஏன் முதல்ல இருந்து வர்றீங்க?

டிரைவர்: அது... ஒரு பழக்கம்.

பரிசோதகர்: அம்மா, கொஞ்சம் தண்ணி குடிங்க. உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது?

மனைவி: ஒண்ணுமில்ல. நீங்க பாருங்க.

பரிசோதகர்: சார், ஒரு விஷயம் எனக்குப் புரியல. பெரிய எழுத்துக்குத் திக்கினீங்க. சின்ன எழுத்து வந்ததும் ரயில் மாதிரி ஓடுனீங்க.

டிரைவர்: முதல்ல கொஞ்சம் பதட்டம். அப்புறம் சரியாப் போச்சு.

பரிசோதகர்: சரி. எழுத்தெல்லாம்கூடச் சரியாத்தான் சொன்னீங்க. ஒண்ணு விடாம.

டிரைவர்: அப்பாடா.

பரிசோதகர்: ஆனா வரிசைதான் தலைகீழா வருது. நிலைக்கண்ணாடியில அஞ்சாவது வரி வி-யில ஆரம்பிச்சு டி-யில முடியுது. நீங்க டி-யில ஆரம்பிச்சு வி-யில முடிச்சீங்க.

டிரைவர்: அது... நிலைக்கண்ணாடின்னாலே எல்லாம் மாறித்தானே மேடம் தெரியும்?

பரிசோதகர்: மாறித் தெரியுறதைத்தானே படிக்கச் சொன்னேன்? நீங்க சுவத்துல இருக்குறபடியே படிச்சீங்க. உங்க தலைக்குப் பின்னாடி கண்ணு இருந்தாத்தான் அப்படிப் படிக்க முடியும். இதுக்குன்னே ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குற எழுத்தாப் பாத்து அச்சடிச்ச அட்டை இது. ஏ, ஓ, டி, வி... இதையெல்லாம் எந்தப் பக்கம் பாத்தாலும் வித்தியாசம் தெரியாது. சுவத்துல நேரா பாத்து எழுதிக்கிட்டா, எழுத்து மாறாது, வரிசை மட்டும் மாறிடும். யாரு எழுதிக் கொடுத்தது?

டிரைவர்: யாரும் எழுதிக் கொடுக்கல.

மனைவி: நான்தான்.

டிரைவர்: நீ சும்மா இரு! மேடம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் அனுப்பினேன். அவ பயந்துக்கிட்டு ஏதோ அவசரத்துல... தப்பா எடுத்துட்டு வந்துட்டா.

பரிசோதகர்: அது உங்க வீட்டு விஷயம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

டிரைவர்: மேடம், மேடம்... ஒரு நிமிஷம் கேளுங்க. எனக்கு ரோடு தெரியும். ஒவ்வொரு பள்ளமும் தெரியும். கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்.

பரிசோதகர்: அதுதான் சார் என் பயமும்.

டிரைவர்: என்ன கிண்டலா? என் பிழைப்பு உங்களுக்கு விளையாட்டாப் போச்சா? கையெழுத்துப் போட வேற ஆளா இல்ல? எந்திரிம்மா, போகலாம். எந்திரின்னு சொன்னேன்.

மனைவி: நீங்க போங்க.

டிரைவர்: என்னது?

மனைவி: போகும்போது வேன் சாவியை என் கையில கொடுத்துட்டுப் போங்க.

டிரைவர்: உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? வெளியாள் முன்னாடி...

மனைவி: வெளியாள் முன்னாடிதான் சொல்ல முடியும். வீட்டுல சொன்னா தட்டை நகத்திட்டுப் போயிடுறீங்க. மேடம், இவர் சொல்லலேன்னா நான் சொல்றேன்...

டிரைவர்: வேண்டாம்.

மனைவி: லீவு விடறதுக்கு முந்தின வாரம்...

டிரைவர்: வேண்டாம்னு சொல்றேன்ல! நாய் குறுக்க வந்துச்சு. பிரேக் போட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

மனைவி: நாய் எங்கேங்க வந்துச்சு? ஸ்கூல்ல நாய்னு சொன்னீங்க, நானும் நாய்னு சொன்னேன். அவங்க அம்மாகிட்டயும் நாய்னுதான் சொன்னேன். இன்னும் எத்தனை பேர்கிட்ட சொல்லணும்?

பரிசோதகர்: யாரோட அம்மாகிட்ட?

மனைவி: ரெண்டாவது படிக்கிற பொண்ணு மேடம். வாயாடின்னு கூப்பிடுவோம். வண்டியில ஏறினா இறங்குற வரைக்கும் பேசிக்கிட்டே வரும். அன்னைக்கு இறக்கி விட்டேன், கதவைச் சாத்தினேன். தண்ணி பாட்டில் கை நழுவி உருண்டு வண்டிக்கு முன்னாடி போயிருக்கு. அது பின்னாடியே குனிஞ்சுக்கிட்டு ஓடுச்சு. இவர் கியரைப் போட்டுட்டார்.

டிரைவர்: நான் பாத்துட்டேன். பாத்துத்தான் பிரேக் போட்டேன்.

மனைவி: நீங்க பாக்கல.

டிரைவர்: பாத்தேன்!

மனைவி: என்ன கலர் சட்டை போட்டிருந்தா?

டிரைவர்: யூனிபார்ம்தான். வெள்ளை...

மனைவி: அன்னைக்கு அவளுக்குப் பிறந்தநாள். சிவப்பு கவுன். வண்டி பூரா மிட்டாய் கொடுத்துக்கிட்டு வந்தா. கிட்ட வந்து உங்க கையிலயும் ஒண்ணு வச்சா. நான் கத்தினேன். நான் கத்தினதுக்குத்தான் பிரேக் போட்டீங்க. பாட்டில் நசுங்கிடுச்சு. அவ நசுங்கின பாட்டிலைப் பாத்து அழுதா. நான் அவளைப் பாத்து அழுதேன்.

பரிசோதகர்: சார்... முதல்ல உட்காருங்க.

டிரைவர்: நான் பாக்கல மேடம். சத்தியமா எனக்குச் சிவப்பா ஒண்ணுமே தெரியல. வெயில்ல எல்லாம் ஒரே புகை மூட்டமா... இவ கத்தினா. காலு தானாப் போயி அமுக்குச்சு. ராட்சசி மாதிரி கத்துவா, நல்ல வேளை.

பரிசோதகர்: எவ்வளவு நாளா இப்படி?

டிரைவர்: ரெண்டு வருஷம் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா.

மனைவி: ரெண்டு வருஷமா முன் சீட்டுல உட்கார்ந்து, இடது பக்கம் சைக்கிள், முன்னாடி ஆட்டோ, சிக்னல் சிவப்புன்னு சொல்லிக்கிட்டே வர்றேன் மேடம். பிள்ளைங்க நான் ஏதோ பாட்டுப் பாடுறேன்னு நினைச்சுக்கிட்டு அதுங்களும் கூடச் சேந்து பாடுதுங்க.

பரிசோதகர்: கண்ணாடி போட்டுக்கவே இல்லையா?

டிரைவர்: போட்டேன். ஒருத்தன் தலையில கட்டினான். ரெண்டு பவர் ஒண்ணாச் சேர்ந்தது, ரொம்ப வசதின்னான். கீழ பாத்தா பிரேக் எங்கேயோ மிதக்குது. படியில இறங்கினா படி ஆடுது. ஒரே நாள்ல கழட்டி வச்சுட்டேன்.

பரிசோதகர்: கிட்டப் படிக்கிறதுக்கு உங்களுக்குச் சிரமம் இருந்துச்சா?

டிரைவர்: அதெல்லாம் இல்ல. பேப்பர் நல்லாவே படிப்பேன்.

பரிசோதகர்: அப்போ உங்களுக்கு எதுக்கு அது? என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டானா?

டிரைவர்: எந்த பிரேம் புடிச்சிருக்குன்னு கேட்டான்.

பரிசோதகர்: அது சரி. உங்களுக்குத் தூரத்துக்கு மட்டும் ஒரே பவர் போதும். இதுக்குப் போயி ரெண்டு வருஷமா...

டிரைவர்: அது மட்டும் இல்ல மேடம். எங்க ஆபீஸ்ல ஒல்லின்னு ஒருத்தன். கண்ணாடி வாங்கினான். மறு மாசமே வண்டியில இருந்து எடுத்துட்டாங்க. இப்போ வேன் கழுவுறான். பதினாறு வருஷம் ஓட்டினவன், பைப்பைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். அதைப் பாத்ததுல இருந்து எனக்குக் கண்ணாடின்னாலே...

மனைவி: முழுசாச் சொல்லுங்க. கண்ணாடி போட்டதுக்கா எடுத்தாங்க? வாங்கின கண்ணாடியைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஓட்டினதுக்கு எடுத்தாங்க. ஒல்லியண்ணன் சம்சாரமே என்கிட்டச் சொல்லுச்சு.

டிரைவர்: அப்படியா சொல்லுச்சு?

பரிசோதகர்: சார், கையில ஒரு பாரம் வச்சிருக்கீங்களே, அதைப் படிச்சீங்களா?

டிரைவர்: கையெழுத்துப் போடுற இடத்தைப் பாத்தேன்.

பரிசோதகர்: அதுக்கு மேல மூணாவது கட்டம். படிங்க. கிட்டத்தான் நல்லாத் தெரியுமே.

டிரைவர்: கண்ணாடி அணிந்து... வாகனம் ஓட்ட... தகுதியுடையவர்.

பரிசோதகர்: அந்தக் கட்டத்துல டிக் போட்டு ஆபீஸுக்கு வருஷத்துக்கு எத்தனை பேரை அனுப்புறேன் தெரியுமா?

மனைவி: கேளுங்க, கேளுங்க.

டிரைவர்: கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்... மேடம், அப்போ லென்ஸா கொடுத்துடுங்களேன். கண்ணுக்குள்ள போடுறது. வெளிய யாருக்கும் தெரியாது.

பரிசோதகர்: வேன்ல ஏசி உண்டா?

டிரைவர்: அட நீங்க வேற. ஜன்னலைச் சாத்தவே முடியாது. அடுப்பு மாதிரி இருக்கும்.

பரிசோதகர்: அப்போ நாள் பூரா முகத்துல தூசிக் காத்து. லென்ஸ்ல ஒரு துரும்பு மாட்டினா கண்ணைத் திறக்க முடியாது. கையைக் கழுவாம தொடவும் கூடாது. பதினெட்டு பிள்ளைங்களோட நடு ரோட்டுல என்ன செய்வீங்க? லென்ஸ் கெட்டது இல்ல சார். உங்க வேலைக்கு ஒத்து வராது.

டிரைவர்: யாருக்கும் தெரியக் கூடாதுன்னு பாத்தேன்.

பரிசோதகர்: தெரியட்டுமே. இப்ப இந்தச் சோதனைக் கண்ணாடியை மாட்டுறேன். கனமா இருக்கும், பொறுத்துக்கோங்க. ஒவ்வொரு கண்ணாவே பாக்கலாம்... வலது கண்ணு. இது தெளிவா இருக்கா... இதுவா?

டிரைவர்: ரெண்டாவது.

பரிசோதகர்: இது... இல்ல இது?

டிரைவர்: ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. தப்பாச் சொல்லிட்டேனா?

பரிசோதகர்: இதுல தப்பே கிடையாது. தோணுறதைச் சொல்லுங்க. யாரும் மனப்பாடம் பண்ண முடியாத பரீட்சை இது. சரி, ரெண்டு கண்ணையும் திறங்க. அஞ்சாவது வரி.

டிரைவர்: ...

மனைவி: என்னங்க?

டிரைவர்: வி. எச். ஏ. ஓ. டி.

பரிசோதகர்: ஆறாவது?

டிரைவர்: ஓ, ஏ, டி... யூ... எம். அடேயப்பா. ஓரம் எல்லாம் வெட்டி வச்ச மாதிரி இருக்கு. இதைத்தான் எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கீங்களா?

பரிசோதகர்: இதைத்தான்.

டிரைவர்: ஏம்மா... பின்னாடி ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கியே. நிலைக்கண்ணாடியில உன் முகம் தெரியுது. இவ்வளவு தூரத்துல இருந்து. இன்னும் அழுதுக்கிட்டா இருக்கே?

மனைவி: இல்ல. தூசி.

டிரைவர்: பொய் சொல்லாத. இப்போ எனக்குக் கண்ணு தெரியுது.

பரிசோதகர்: கண்ணுக்குப் பின்னாடி இருக்குற நரம்பையும் ஒருதடவை டாக்டர் பாக்கட்டும், சீட்டு எழுதித் தர்றேன். பயப்பட ஒண்ணும் தெரியல, இருந்தாலும் டிரைவர் கண்ணு. பிரேம்... இந்தத் தடி பிரேம் எடுக்காதீங்க.

டிரைவர்: அதுதானே கெத்தா இருக்கு?

பரிசோதகர்: காதுப் பக்கம் வர்ற கம்பி அகலமா இருந்தா பக்கத்துல வர்ற ஆளை மறைக்கும். இந்த மெல்லிசுக் கம்பியை எடுங்க. தலையை அசைச்சுப் பாருங்க, நழுவுதா?

டிரைவர்: இல்ல. எப்படி இருக்கு?

மனைவி: வாத்தியார் மாதிரி இருக்கீங்க. பத்தாவதுல நின்ன வாத்தியார்.

பரிசோதகர்: தயாராக ரெண்டு நாள் ஆகும். அன்னைக்கு இங்க வந்து, அதைப் போட்டுக்கிட்டு இதே அட்டையைப் படிங்க. அப்புறம் கையெழுத்து.

டிரைவர்: ரெண்டு நாளா! நாளைக்கு ஸ்கூல் மேடம்.

பரிசோதகர்: நாளைக்கும் மறுநாளும் நீங்க ஓட்டக் கூடாது.

டிரைவர்: ஆபீஸ்ல என்னன்னு சொல்லுவேன்?

மனைவி: உள்ளதைச் சொல்லுவோம். நானும் கூட வர்றேன். நாய் இல்ல, பாப்பான்னு சொல்லுவோம். வேலை போனா போகட்டும். போகலேன்னா, இனிமே அந்த வேன்ல நான் வாயை மூடிக்கிட்டு ஜன்னலோரமா உட்கார்ந்து வரணும். ரெண்டு வருஷமாச்சு.

டிரைவர்: ...சரி. சொல்லுவோம். இந்தா, சாவி. ரெண்டு நாளைக்கு உன்கிட்டயே இருக்கட்டும்.

பரிசோதகர்: நல்லது சார். இந்த ஸ்டூல்ல இருந்து எந்திரிங்கம்மா, நான் சீட்டு எழுதிடுறேன்.

டிரைவர்: இரு. ஒரு நிமிஷம். போன வாரம் நீயும் இதே நாற்காலியிலதானே உட்கார்ந்தே?

மனைவி: ஆமா.

டிரைவர்: ஆறு வரியும் தப்பில்லாம படிச்சே. நிலைக்கண்ணாடியைப் பாத்து.

மனைவி: ஆமா.

டிரைவர்: அதுக்கப்புறம்தான் திரும்பி நின்னு சுவத்தைப் போட்டோ எடுத்தே. அப்போ... வரிசை மாறும்னு உனக்கு...

மனைவி: தெரியும். அதனாலதான் ஒரு எழுத்துகூடப் பிசகாம ஒரு வாரம் ஒப்பிக்க வச்சேன். நீங்க அங்கங்க தடுமாறியிருந்தா கண்ணு லேசா மங்கல்னு விட்டாலும் விட்டிருப்பாங்க. அஞ்சு எழுத்தும் அப்படியே தலைகீழா வந்தாத்தானே மாட்டுவீங்க?